நிலாவாக நின்ற பிள்ளை

(கேரளத்தின் வித்துராவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரி. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பொதிகை மலை என்றால் மேற்கு. சூரியன் அதன் பின்னால் போய் விழும். விளையாடும் பிள்ளைகளை அப்போது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். இன்று காலை வித்துராவில் கண் விழித்து வாசலுக்கு வந்தபோது அதே மலைத்தொடருக்குப் பின்னாலிருந்து சூரியன் மேலே வந்தது. இத்தனை வயதில் இதை நான் பார்ப்பது இதுவே முதல் முறை. 'மலை எந்தத் திசை?' என்று என் வகுப்பில் கேட்டால் முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் 'மேற்கு' என்பார்கள். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் 'கிழக்கு' என்பார்கள். இரண்டும் சரி. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். பத்துப் பிள்ளைகளை இந்தப் பக்கமும் பத்துப் பிள்ளைகளை அந்தப் பக்கமும் நிறுத்தி, நடுவில் ஒரு பிள்ளையை மலையாக நிற்க வைத்தால் ஐந்து நிமிடம் போதும்.

சிறு பிள்ளைகளுக்கு அறிவியலை நடித்துப் பார்க்கக் கொடுத்துக் கற்பிப்பது பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். முதலில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு. பாடம் பூமியும் நிலாவும். நிலா தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் நேரமும், பூமியை ஒரு முறை சுற்றி வரும் நேரமும் ஒன்றே, ஏறத்தாழ 27.3 நாள், அதனால்தான் நிலாவின் ஒரு முகத்தையே நாம் எப்போதும் பார்க்கிறோம் என்று புத்தகம் சொல்கிறது. பிள்ளைகள் அதை எழுதினார்கள், ஒப்பித்தார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஒரு நாள் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பையனை நடுவில் பூமியாக நிறுத்தினேன். ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிட்டு, 'நீதான் நிலா. பூமியைச் சுற்றி வா. ஆனால் உன் முகம் எப்போதும் பூமியைப் பார்த்தபடியே இருக்கணும்' என்றேன்.

அவள் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, பூமியையே பார்த்தபடி ஒரு வட்டம் வந்து நின்றாள். 'நீ உன்னையே சுத்துனியா?' என்று கேட்டேன்.

'இல்ல டீச்சர். நான் சுத்தவே இல்ல. அவனத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்.'

வகுப்பில் பாதிப் பேர் அவள் பக்கம். புத்தகத்தில் எழுதிவைத்த அதே பிள்ளைகள்தான், கண்ணால் பார்த்த பிறகு புத்தகம் தப்பு என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சுவரோரமாக நின்ற ஒரு பிள்ளைதான் கத்தினாள்: 'ஏட்டி, நீ மொதல்ல கரும்பலகையப் பாத்த. பொறவு ஜன்னலப் பாத்த. பொறவு பீரோவ, பொறவு வாசல. நாலு செவரையும் பாத்துட்டு வந்துட்டு, சுத்தலைங்கியே?'

நிலாவுக்கு முகம் மாறிப்போனது. இன்னொரு முறை நடந்தாள். இந்த முறை பூமியைப் பார்க்கவில்லை; எந்தச் சுவர் தன் கண்முன் வருகிறது என்று பார்த்தபடியே நடந்தாள். பாதி வட்டத்தில் நின்றுவிட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே மூன்றாவது முறை தொடங்கினாள். இப்போது கரும்பலகையை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே பூமியைச் சுற்றி வந்தாள். நடுவில் நின்ற பூமிப் பையன் சிரித்தான்: 'டீச்சர், இப்ப எனக்கு அவ முதுகு தெரியுது!'

அவ்வளவுதான் பாடம். நிலா சுழலாமல் இருந்திருந்தால் அதன் முதுகை நாம் என்றோ பார்த்திருப்போம். அது சுழல்வதால்தான் முதுகு நமக்கு மறைந்திருக்கிறது. அந்த முதுகை மனிதர்கள் முதன்முதலில் படத்தில் பார்க்க 1959 அக்டோபர் வரை, சோவியத் நாட்டின் லூனா-3 விண்கலம் அதன் பின்னால் போய்ப் படம் எடுத்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்று இரவு எனக்கு இன்னொன்று உறைத்தது. பிழை அந்தப் பிள்ளையிடம் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது. தமிழில் பம்பரமும் சுற்றுகிறது; நாமும் கோயிலைச் சுற்றுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். 'தற்சுழற்சி' என்று புத்தகத்தில் எழுதிவைத்தாலும் பிள்ளையின் வாயில் இருப்பது 'சுத்து'தான். மறுநாள் கோயில் பிரகாரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். வலம் வரும்போது நம் வலது தோள் எப்போதும் கருவறைப் பக்கமே இருக்கிறது. ஒரு பிரகாரம் முடிவதற்குள் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திசைக்கும் முகம் திரும்பிவிடுகிறது. நிலா பூமியைச் சுற்றுவதும் ஒரு வகை வலம்தான். திசை மட்டும் வேறு: வடக்கிலிருந்து பார்த்தால் நிலா இடமாகச் சுற்றுகிறது.

இன்று நான் சொல்ல வந்த ஒன்று இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பறையில் நடிப்பது நடிக்கிற பிள்ளைக்காக. அந்தப் பிள்ளையின் தலைக்குள் உலகம் எப்படி இருக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்து தரையில் வைப்பதற்காக. பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறதோ, ஆசிரியர் அந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். தடுக்காமல் நடந்து முடிந்த நடிப்பில் யாரும் எதையும் புதிதாகக் கற்றதாக என் அனுபவத்தில் இல்லை.

நாடகமும் அறிவியலும் கைகோத்த வரலாறு இந்த மண்ணில் பெரிது. 1962இல் கோழிக்கோட்டில் பிறந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் சாஸ்திர கலா ஜாதாவைத் தொடங்கியது. ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் தொழிலாளர்களும் குழுவாகச் சேர்ந்து, நாற்சந்திகளிலும் பள்ளி மைதானங்களிலும் பாட்டும் நாடகமுமாக அறிவியலை மக்களிடம் கொண்டுபோனார்கள். 1987இல் நாடு முழுவதும் நடந்த பாரத் ஜன் விஞ்ஞான் ஜாதா போபாலில் போய் நிறைவுற்றது. அந்த ஊரில் விஷவாயு கசிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதே ஆண்டில் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கியது. பின்னால் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் நானும் ஊர் ஊராகப் போய்த் தெருமுனையில் நின்று நடித்தவள். எனக்கு மேடைக் கூச்சம் போனதும் அங்கேதான், அறிவியல் மீது பிரியம் வந்ததும் அங்கேதான்.

ஆனால் அந்த வீதி நாடகத்தை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்தபோது நான் தோற்றேன். வீதி நாடகம் பார்ப்பவருக்காக ஆடப்படுவது. அதில் நடிப்பவருக்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் நான் வசனம் எழுதிக் கொடுத்தேன். 'நான்தான் சூரியன், உங்களுக்கு ஒளி தருகிறேன்' என்று மஞ்சள் காகிதக் கிரீடம் வைத்து ஒரு பிள்ளை சொல்லும்; மற்றவர்கள் கை தட்டுவார்கள். ஆண்டு விழாவுக்கு நன்றாக இருந்தது, பெற்றோர்களும் மகிழ்ந்தார்கள். மறுநாள், 'சூரியன் ராத்திரி எங்கே போகுது?' என்று கேட்டேன். கிரீடம் வைத்த பிள்ளையே 'மலைக்குப் பின்னால போய்ப் படுத்துக்கும்' என்றது. மனப்பாடம் வேடம் போட்டு வந்தாலும் மனப்பாடம்தான்.

அந்தப் பதில் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. பிள்ளைகள் வெறும் பாத்திரத்தோடு வகுப்புக்கு வருவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் உலகம் இருக்கிறது. 1992இல் ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 60 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 'பூமி உருண்டை' என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். இன்னும் நாலு கேள்வி கேட்டால் வேறு வேறு பூமிகள் வெளியே வருகின்றன. சிலருக்கு அது தோசைபோலத் தட்டை. சிலருக்கு உள்ளே குடைந்த உருண்டை; நாம் அதன் உள்ளே தட்டைத் தரையில் வாழ்கிறோம். சிலருக்கு இரண்டு பூமிகள்: ஆசிரியர் சொன்ன உருண்டைப் பூமி வானத்தில், நாம் நிற்கும் தட்டைப் பூமி இங்கே. பின்னர் அலா சமரபுங்கவன் அந்த இருவரோடும் சேர்ந்து ஹைதராபாத் பிள்ளைகளைக் கேட்டு 1996இல் எழுதினார். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பூமியைத் தாங்க அடியில் தண்ணீர் இருந்தது. பூமி கடலில் மிதக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா?

நம் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை உங்களுக்குத் தெரியும். வடக்கே கூட்டம் கூடிப் பூமி சாய்ந்தது. அதைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். அவர் வந்து உட்கார்ந்த இடம் இதோ தெரிகிறதே, 1868 மீட்டர் உயரத்து அகத்தியர் கூடம். இந்தக் கதையை நான் வெறுக்கவில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஆனால் சாய்கிற பூமி தராசுத் தட்டு போன்ற பூமி. அது பிள்ளையின் மனதில் இருக்கிறது என்பதை ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளும் வழி ஒன்று சொல்கிறேன், செலவே இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றைக் கொடுங்கள். 'நீதான் பூமி. மனுசங்க எங்கெங்கே இருக்காங்களோ அங்கெல்லாம் உன் மேலே பொட்டு ஒட்டிக்கோ' என்று சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருவன் எல்லாப் பொட்டையும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டான். 'ஏன் ராசா, கன்னத்துல, தாடைல எல்லாம் ஆளில்லையா?' 'அங்க இருந்தா விழுந்துருவாங்க டீச்சர்.' உருண்டை என்று நூறு முறை எழுதிய பையன் அவன்.

பொட்டுகளைக் கலைத்து, ஒன்றை மட்டும் மூக்கு நுனியில் ஒட்டினேன். அதுதான் நம் ஊர். உச்சந்தலை வட துருவம். ஜன்னல் வெளிச்சம் சூரியன். அவனை இடப்பக்கமாக மெல்லத் திரும்பச் சொன்னேன். முதலில் இடது கண்ணோரம் வெளிச்சம் வந்தது. இடது கை கிழக்கு. ஜன்னலை நேராகப் பார்த்தபோது நடுப்பகல். வலது காதோரம் வெளிச்சம் நழுவியபோது மாலை. முதுகு காட்டியபோது இரவு. சூரியன் எங்கும் போகவில்லை. 'நாந்தான் திரும்பிட்டேன்' என்று அவனே சொன்னான். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த ஷமின் படல்கர், ஜெயஸ்ரீ ராமதாஸ் இருவரும் வானவியல் கற்பிப்பதில் உடல் அசைவுகளையும் பாவனைகளையும் இப்படித்தான் ஓர் ஒழுங்கோடு பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளுக்கும் படத்துக்கும் நடுவே உடல் ஒரு பாலம் என்பது அவர்கள் கண்டது. நான் அதைப் படிக்கும் முன்பே என் மாணவன் அந்தப் பாலத்தில் நடந்துவிட்டான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்று இந்த அவையில் முக்கியமாகச் சொல்ல நினைத்த நடிப்பு ஒன்று உண்டு. அது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவானது: மழை.

கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரி 1000 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. நடுவே ஒரு மலை. ஜூன் முதல் வாரத்தில் வித்துராவில் கொட்டும்போது எங்கள் ஊரில் காற்று மட்டும் அடிக்கும். ஏன் என்று நான்காம் வகுப்பில் கேட்டேன். 'மலை மேகத்தத் தடுத்துருது' என்றார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. சரி, நடித்துக் காட்டுங்கள் என்றேன்.

வகுப்பின் மேற்கு ஓரம் அரபிக் கடல். இரண்டு பெஞ்சை ஒன்றன்மேல் ஒன்று போட்டு மலை. பத்துப் பிள்ளைகள் காற்று. கையில் கிண்ணம், கிண்ணத்தில் புளியங்கொட்டை. அதுதான் ஈரம். முதல் பிள்ளை ஓடி வந்தான். பெஞ்சில் கிண்ணத்தை ஓங்கி மோதினான். புளியங்கொட்டை எல்லாம் சிதறியது. 'இதான் மழை!' அடுத்தவனும் மோதினான். அவர்கள் மனதில் மேகம் ஒரு தண்ணீர்க் குடம். மலையில் முட்டி உடைகிறது. 'தடுக்கிறது' என்ற ஒரு வினைச்சொல் செய்த வேலை அது. இத்தனை வருடமாக நானும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினேன். 'காத்துக்கு முன்னால மலை வந்தா அது மோதி நிக்குமா, இல்ல ஏறுமா?' என்று கேட்டேன். ஏறும். 'மேலே போனா குளிரா, சூடா?' பாபநாசத்துக்கு மேலே காரையாறு போய் வந்த பிள்ளைகள் இருந்தார்கள், குளிரும் என்றார்கள். அப்படியானால் ஒரு விதி வைத்துக்கொள்வோம் என்றேன். கீழே இருக்கும்போது இரண்டு கையும் விரித்துப் பிடிக்கலாம், நிறையக் கொட்டை கொள்ளும். மேலே ஏற ஏறக் குளிருக்குக் கை சுருங்கும். கொள்ளாதது கீழே விழும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தை ஆவியாக வைத்திருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். இப்போது பிள்ளைகள் மெல்ல ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் கொட்டைகள் மேற்குப் பக்கமே உதிர்ந்தன. உச்சி தாண்டிக் கிழக்கே இறங்கியபோது கையில் நாலைந்துதான் மிச்சம். இறங்க இறங்கச் சூடு, கை மறுபடி விரிகிறது. இருக்கிற நாலைந்தும் விழக் காணோம். கிழக்குப் பக்கம் நின்ற 'அம்பாசமுத்திரம்' கையை ஏந்திக்கொண்டு நின்றது. ஒன்றும் விழவில்லை. அந்தப் பிள்ளை உண்மையாகவே அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

அப்போது ஒருத்தி கேட்டாள்: 'அப்பொறம் ஜூன் மாசம் ஆத்துல தண்ணி எப்டி டீச்சர் வருது?' எங்களுக்கு அது தெரிந்த விஷயம். ஊரில் ஒரு தூறல் இல்லாமலே தாமிரபரணி பெருகும். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன் பெஞ்சின் உச்சியைக் காட்டினான். மேலேயே விழுந்த கொட்டைகள் சில, மேற்கே போகாமல் எங்கள் பக்கம் உருண்டு கிடந்தன. 'இதா இருக்கு பாருங்க ஆறு!'

அதை நான் திட்டமிடவில்லை. பெஞ்சு கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். உச்சியில் பெய்யும் மழைதான் இந்தப் பக்கம் கரமனையாறாகவும் நெய்யாறாகவும் இறங்குகிறது, அந்தப் பக்கம் தாமிரபரணியாகவும் இறங்குகிறது. ஒரே மலையின் தண்ணீரை நாம் குடிக்கிறோம். எங்கள் வானத்து மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும். அதற்குப் பிள்ளைகளைக் கிழக்கு ஓரத்தில் நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். அது இன்னொரு நாள் பாடம்.

இந்த ஆட்டத்திலும் பொய் இருக்கிறது, கவனியுங்கள். புளியங்கொட்டை கண்ணுக்குத் தெரியும், ஆவி தெரியாது. காற்றுக்குக் கையில்லை; மேலே ஏறும் காற்று சுருங்குவதும் இல்லை, விரியத்தான் செய்கிறது. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, 'நாம ஆடுனதுல எது நெஜம் மாதிரி இல்ல?' என்று கேட்பது என் வழக்கம். அவர்களே பொறுக்கி எடுப்பார்கள். இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் ஆசிரியர் நடிக்கவே விட வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஒரு பிழையைப் பிடுங்கி இன்னொரு பிழையை நட்டு வைப்பதில் பயன் இல்லை.

மின்சாரப் பாடத்தில் நான் அப்படி ஒரு பிழையை நட்டிருக்கிறேன். பேட்டரிப் பிள்ளை புளியங்கொட்டை கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கி வட்டமாக நடந்து பல்புப் பிள்ளையிடம் சேர்க்க வேண்டும். அழகாக இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு பையன் கேட்டான்: 'சுவிட்ச தட்டுன ஒடனே லைட் எரியுதே, இவன் நடந்து வர்ற வரைக்கும் அது காத்திருக்கலையே?' அன்று முதல் கொட்டையை விட்டுவிட்டுக் கிணற்றுக் கயிற்றை எடுத்தேன். இரு முனையையும் முடிந்து ஒரு வளையமாக்கி, எல்லாரும் தளர்வாகப் பிடித்து நிற்க வேண்டும். ஒருத்தி இழுப்பாள், அவள்தான் பேட்டரி. ஒருத்தன் மட்டும் இறுக்கிப் பிடிப்பான், அவன் பல்பு. அவள் இழுத்த கணமே கயிறு எல்லார் கையிலும் நகர்கிறது, யாரும் காத்திருப்பதில்லை. இறுக்கிப் பிடித்தவன் உள்ளங்கைதான் சுடுகிறது. வெப்பப் பாடத்திலும் இப்படி ஒரு பிழை வரும். பிள்ளைகள் துகள்களாக நின்று ஆடும்போது, பொருளைச் சூடாக்கினால் விரியும் என்பதற்குக் கன்னத்தை உப்பிக் காட்டுவார்கள். துகளே வீங்குகிறது என்று நினைப்பு. கன்னத்தை விடச் சொல்லிவிட்டு, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இடம் தானாக அகலும்.

'காற்றுக்குக் குளிர்கிறது, நிலா பார்க்கிறது என்று பிள்ளையைப் பேசவிடலாமா? அது அறிவியலா?' என்று இங்கேயுள்ள கல்லூரி மாணவர்கள் கேட்கக்கூடும். இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நிற்கும் ஊர் இது, கேட்பது நியாயம். பதினாறு வயதில் ஒளிக்கதிரோடு கூடவே ஓடினால் என்ன தெரியும் என்று தன்னை வைத்து எண்ணிப் பார்த்ததாக ஐன்ஸ்டைன் பின்னாளில் எழுதினார். மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற பார்பரா மக்ளின்டாக், நுண்ணோக்கியில் பார்க்கும்போது தானும் குரோமோசோம்களுக்குள் ஒருத்தியாக நிற்பதாகவே உணர்ந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் உள்ளே போனார்கள், பிறகு வெளியே வந்து சரிபார்த்தார்கள். பிள்ளைக்கும் இரண்டும் வேண்டும்.

மலையாளம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகள் உங்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். போணக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், மலைமேலிருந்து வரும் காணிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள். பாடமொழி தடுக்கும்போது இவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மக்கு என்று பெயர் வாங்குகிறார்கள். உடம்புக்கு அந்தத் தடை இல்லை. எந்த மரத்தில் எப்போது பூ வரும், எந்தத் தேனீ எங்கே போகும் என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பின் முதல் மாணவன் அன்று வேறு ஒருவனாக இருப்பான். சொல் பிறகு வரும், வந்தே தீரும். வேண்டிய பொருள் கையில் இருப்பவன் அதற்குப் பெயர் கேட்பான்.

காணி மக்களிடமிருந்தே ஒரு பாடம். 1987இல் அகத்திய மலையில் தாவர ஆய்வாளர்கள் சிலர் காணி வழிகாட்டிகளோடு நடந்தார்கள். ஆய்வாளர்கள் களைத்துப் போனார்கள், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றபடி நடந்தார்கள். கேட்டபோது ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி, 1995இல் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமை தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. இதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் பேசிய நிகழ்வு இது. உங்கள் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி.

இதை ஐந்தாம் வகுப்பில் நடிக்க விட்டேன். நான்கு பேர் ஆய்வாளர், மூன்று பேர் காணி. கதையைப் பாதியில், காயைத் தின்று களைப்பு நீங்கிய இடத்தில் நிறுத்தி, ஆய்வாளர்களைக் கேட்டேன்: 'காயாலதான் களைப்புப் போச்சுன்னு எப்படித் தெரியும்? உக்காந்து இளைப்பாறுனதால போயிருக்கலாம்ல?' கூடிப் பேசினார்கள். பாதிப் பேருக்கு இந்தக் காய், பாதிப் பேருக்கு அதே மாதிரி வேறு காய். யாருக்கு எது என்று சொல்லக் கூடாது. எல்லாரையும் ஒரே தூரம் ஓடவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்த சோதனை இது. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் செய்வதும் இதன் வளர்ந்த வடிவமே. அந்த நேரம் காணியாக நின்ற ஒரு பிள்ளை கையை மூடிக்கொண்டாள்: 'நான் செடியக் காட்ட மாட்டேன். இவங்க எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிருவாங்க.' வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று வாக்குவாதம் மணி அடித்த பிறகும் ஓடியது. அந்தச் செடி யாருடைய அறிவு, யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அறிவியல் பாடத்துக்குள் வர வேண்டியதே. பாடநூலில் அதற்குத் தனி அலகு இல்லை.

ஆசிரியர்களுக்கு உள்ள தடைகள் எனக்குத் தெரியும். சத்தம் வரும். ஒரு முறை பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், விதையாகத் தரையில் சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் பார்த்து, வகுப்பு நடக்கிறதா, தூக்கம் நடக்கிறதா என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். வருத்தமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. இருபது நிமிடம் போதும். வேட உடை வேண்டாம், சாக்பீஸ் போதும். கூச்சப்படும் பிள்ளையை இழுக்காதீர்கள். கணக்கு எடுக்கும் வேலை கொடுங்கள், நான்கு சுவரையும் கவனித்தவள் அப்படிச் சுவரோரம் நின்றவள்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவுச் சங்கிலி நடிக்கும்போது புலி யார், புழு யார், பிணந்தின்னிக் கழுகு யார் என்று பாருங்கள். பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விட்டால் தெருவில் உள்ள மேல்கீழ் அப்படியே வகுப்புக்குள் வந்துவிடும். பெண் பிள்ளைகள் எப்போதும் பூவாகவும் நிலாவாகவும், பையன்கள் எப்போதும் சூரியனாகவும் புலியாகவும் நிற்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எல்லாப் பிள்ளையும் ஒரு நாள் சூரியனாக நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் ஆடலுக்கும் பாடலுக்கும் நடிப்புக்கும் இடம் கிடைத்திருக்கிறது. குஜராத்தின் பவநகரில் 1920இல் பால மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கி, 1932இல் 'திவாஸ்வப்ன' (பகல் கனவு) எழுதிய கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா கனவு என்று பெயரிட்டதில் கொஞ்சம் இன்று அரசாணையாகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அரசாணை பெஞ்சைத் தள்ளிவைக்கத்தான் அனுமதி தரும். பிள்ளை தடுக்கும் இடத்தைப் பார்க்க ஆசிரியரின் கண் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரே ஒரு பாடத்தை நடிக்க விடுங்கள். முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது என்று இரண்டு வரி எழுதுங்கள். நன்றாக நடித்ததை எழுத வேண்டாம். மலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை மழையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது; அதைத் தெரிந்துகொள்ள ஆசை. என்னிடம் அப்படிப் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. இன்று கொண்டுவந்து அந்த மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பாருங்கள். வேண்டிய பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.